கிண்ணக் கணக்கு

புதுக்கோட்டைப் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்க்கிறார் என் நண்பர். கட்லா என்று சொல்லி ஒரு வியாபாரி கொடுத்த குஞ்சுகளை வாங்கி விட்டார். எட்டு மாதம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்த்து வலை இழுத்தால், பாதி மீன் உள்ளங்கை நீளத்தைத் தாண்டவில்லை. கட்லாத் தலையும் ரோகு உடம்புமாகச் சில மீன்கள் வேறு. "குஞ்சு எங்க பொறந்துச்சுன்னே தெரியாம வாங்கிட்டேன். நீங்களாவது அது பொறக்கற எடத்தப் போய்ப் பாத்து எழுதுங்க" என்று சொல்லி, தஞ்சாவூர் மாவட்டத்தில் தனக்குத் தெரிந்த ஒரு தனியார் மீன்குஞ்சுப் பொரிப்பகத்துக்கு என்னை அனுப்பினார்.

நான் போனது ஜூலையில். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டிருந்தது. பொரிப்பகத்துக்கு அதுதான் அறுவடைக் காலம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியிலிருந்து வந்த மீன்கள். குளத்தில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் தேங்கிய தண்ணீரில் முட்டை விடாது. மழை வெள்ளம் பெருகி ஓடினால்தான் அவற்றுக்கு இனப்பெருக்கம். அதனால் ஒரு காலத்தில் வங்கத்து, பீகார் ஆறுகளில் வலை கட்டிக் குஞ்சு பிடித்துத்தான் நாடெங்கும் அனுப்பினார்கள். அந்தக் குஞ்சுகளோடு கொன்று தின்னும் மீன்களின் குஞ்சுகளும் கலந்து வரும்.

அந்த நிலையை மாற்றியவர் ஹீராலால் சௌத்ரி. மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தச் சாற்றை இன்னொரு மீனுக்கு ஊசியாகப் போட்டால் அது ஆறில்லாமலேயே முட்டையிடும் என்று ஒடிசாவின் அங்குல் பண்ணையில் 1957 ஜூலை 10 அன்று கே.எச். அலிகுன்ஹியோடு சேர்ந்து செய்து காட்டினார். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். கண்டுபிடித்தவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரவெல்லாம் நனைந்தபடி ஊசி போட்டுவரும் கைகளைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை.

இந்தப் பண்ணையில் அந்தக் கைகளுக்கு உரியவரை எல்லோரும் 'ஊசிக்காரர்' என்றே கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர். அப்பா கொள்ளிடத்தில் வலை போட்டவர். இவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பண்ணை வேலைக்கு வந்தவர். ஆரம்பத்தில் இவர் பார்த்த வேலை, விடியற்காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போய்த் தலைகளைப் பிளப்பது. "மண்டை ஓட்டச் சீவி மூளைய லேசா ஒதுக்குனா, அடியில கேப்பையளவுக்கு வெள்ளையா ஒண்ணு உக்காந்திருக்கும் தம்பி. அதக் கிள்ளாம எடுக்கணும். ஒடைஞ்சா வீண்" என்றார். எடுத்ததை ஆல்கஹால் சீசாவில் போட்டு இருட்டில் வைப்பார்களாம். ஊசி போடும் நாளில் எடை பார்த்து, அரைத்து, தெளியவைத்துக் கொடுப்பார்கள். பெண் மீனுக்கு இரண்டு தடவை, நடுவில் ஆறு மணி நேரம் இடைவெளி. 1990களில் ஓவாப்ரிம் என்ற தயார் மருந்து வந்ததும் தலை பிளக்கும் வேலை நின்றது. இப்போது ஒரே ஊசி போதும். பெண்ணுக்குக் கிலோவுக்கு அரை மில்லிக்குள், ஆணுக்கு அதில் பாதி.

மருந்து மாறியது, மீனைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை மாறவில்லை. சாயங்காலம் தாய்மீன் குளத்தில் வலை இழுத்தார்கள். ஊசிக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொரு மீனாகத் தூக்கினார். முன்துடுப்பின் உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவுவார். சொரசொரவென்று இருந்தால் ஆண். வயிற்றை லேசாக அழுத்தினால் பால் போல விந்து வரும். பெண்ணுக்குத் துடுப்பு வழவழப்பாக இருக்கும். வயிறு உப்பி மெத்தென்று, புழை சிவந்து வீங்கியிருந்தால் பக்குவம். வயிறு கல்லாக இருந்த ஒரு பெரிய ரோகுவை முதலாளியின் ஆள் ஆசையாகப் பார்த்தார். இவர் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். "இன்னும் பத்து நாள் போவணும். இப்ப ஊசி போட்டா முட்டை வராது, தாயும் செத்துப்போயிடும்." மறுபேச்சு இல்லை.

பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் பிரித்து, கண்ணை ஈரத்துணியால் மூடி, வாலுக்குச் சற்று முன்னால் பக்கக்கோட்டுக்கு மேலே செதிலை நிமிண்டி ஊசி போட்டார். மீன் துள்ளவே இல்லை. பிறகு அவற்றை வட்டத் தொட்டியில் விட்டார்கள். சீனாவில் தோன்றிய அமைப்பு அது. தரையில் சாய்வாக வைத்த குழாய்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சிச் சுழன்றுகொண்டே இருக்கும், மேலிருந்து பூவாளித் தூறல் விழும். மீனுக்கு அது ஆறு, அது மழை.

தண்ணீரின் காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் என்றெல்லாம் மேலாளர் நிறையச் சொன்னார். என் மனம் தொட்டியிலேயே இருந்தது.

நடு இரவுக்கு மேல் தொட்டி கொந்தளிக்கத் தொடங்கியது. ஆண் மீன்கள் பெண்ணைத் துரத்தி, பக்கவாட்டில் இடித்து, வாலால் தண்ணீரை அடித்தன. கிலோ எடைக்கு ஒன்றிரண்டு லட்சம் முட்டை விடும். விட்ட கொஞ்ச நேரத்தில் அவை தண்ணீரைக் குடித்து, வேகவைத்த ஜவ்வரிசியாக உப்பிச் சுழன்றன. கருத்தரித்தது கண்ணாடியாகத் தெரியும், தரிக்காதது வெளுத்துப்போகும். அவற்றைப் பொரிப்புத் தொட்டிக்கு மாற்றியபின் பதினான்கிலிருந்து பதினெட்டு மணி நேரத்தில் குஞ்சு வெளியே வரும். அந்த நேரம் முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும். ஓட்டம் கூடினால் முட்டை சல்லடையில் மோதி உடையும், குறைந்தால் அடியில் படிந்து மூச்சு முட்டும். மின்சாரம் போனால் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறக்க ஓட வேண்டும். ஊசிக்காரர் கையைத் தண்ணீரில் வைத்தே வால்வைத் திருகினார். அளவுமானி எதையும் அவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், மஞ்சள்கருப் பை கரைந்து குஞ்சு வாய் திறக்கும் சமயத்தில், விற்பனை. அங்கேதான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். அடியில் சல்லடை வைத்த சின்னப் பித்தளைக் கிண்ணம். அதில் நுண்மீன்குஞ்சுகளை அள்ளித் தூக்கினால் தண்ணீர் வடிந்து குஞ்சு மட்டும் நிற்கும். ஒரு கிண்ணத்தை வெள்ளைத் தட்டில் கொட்டிக் கரண்டியால் எண்ணிக்கொண்டு, மற்றதையெல்லாம் கிண்ணக் கணக்கில் தருவார்கள். வடியும் தண்ணீர் நூலாக மெலிந்து நிற்கிற கணத்தில் கவிழ்க்க வேண்டும். முந்தினால் தண்ணீரைத்தான் விற்கிறோம், பிந்தினால் குஞ்சு சாகும். அந்தக் கணம் ஊசிக்காரருக்குத் தெரியும்.

குஞ்சுகளை இங்கே வாங்கி, அவற்றைச் சற்றுப் பெரிதாக வளர்க்கும் நாற்றங்கால் குளத்துக்காரர்களுக்கு விற்கும் தரகர் தன் கிண்ணத்தைத் தானே கொண்டுவந்திருந்தார். பார்வைக்கு அதே கிண்ணம்தான், ஆனால் விளிம்பு சற்று உயரம். "எங்கிட்ட வாங்கறப்ப இது, நாற்றங்கால் குளத்துக்காரங்ககிட்ட விக்கிறப்ப வேற கிண்ணம்" என்றார் ஊசிக்காரர், குரலைத் தாழ்த்தாமல். தரகர் காதிலும் விழுந்திருக்கும். யாரும் எதுவும் கேட்கவில்லை. பருவம் தொடங்கும் முன்பே தரகரிடம் முன்பணம் வாங்கிய முதலாளி எப்படிக் கேட்பார்?

இந்தத் தொழிலின் நோய் இதுதான். முன்பணம் கொடுத்தவருக்குத் தேவை எண்ணிக்கை. நல்ல தாய்மீன் இரண்டு வயது தாண்டியிருக்க வேண்டும், வேறு வேறு பண்ணையிலிருந்து கலந்து வந்திருக்க வேண்டும், ஊசி போட்டபின் ஓய்வெடுக்க வேண்டும். அவசரத்தில் இவை எல்லாமே போகின்றன. சின்ன மீனுக்கும் ஊசி, ஒரே தாய் வயிற்று அண்ணன் தங்கைக்குள் இனச்சேர்க்கை, கட்லாவும் ரோகுவும் ஒரே தொட்டியில். தலைமுறைக்குத் தலைமுறை வளர்ச்சி குன்றும். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தேர்வு முறையில் ஜெயந்தி ரோகுவை உருவாக்கியது, வளர்ச்சியைத் தலைமுறை தோறும் கூட்டுவதற்குத்தான். அந்த உழைப்பைக் குறுக்கு வழிப் பொரிப்பகம் ஓரிரு தலைமுறையில் கரைத்துவிடும். இதில் ஏமாந்தோம் என்பது குளத்துக்காரருக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் தரகர் பணத்தை எண்ணி முடித்திருப்பார். நெல் விதைக்கு மூட்டையில் சான்று அட்டை கேட்கிற நாம், லட்சக்கணக்கில் கைமாறும் மீன் விதையைப் பெயர் இல்லாத பையில் வாங்குகிறோம். இது அநியாயம். பையில் இனம், எண்ணிக்கை, பொரித்த தேதி, பண்ணையின் பெயர் எழுதாமல் குஞ்சு விற்கக் கூடாது என்பதைத் தமிழ்நாடு முழுவதும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும்.

ஊசிக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பருவக் கூலிதான். மழை முடிந்தால் கட்டட வேலை. குளத்துக்குச் சாணம் சுமக்கிற, பையில் ஆக்சிஜன் பிடிக்கிற பெண்களுக்கு இவரைவிடக் குறைவு. மகனை இந்த வேலைக்குக் கொண்டுவரவில்லை. "பக்குவம் பாக்கக் கத்துக்கறதுக்கே பத்து மழ ஆவும் தம்பி. அதுவரைக்கும் அவன் எதத் திம்பான்?" என்று கேட்டார்.

குளத்தில் மீன் விடப்போகிறவர்கள் அவர் எனக்குக் காட்டிய சோதனையைச் செய்துபாருங்கள். ஒரு வெள்ளைப் பேசினில் கொஞ்சம் குஞ்சை ஊற்றி, தண்ணீரைக் கையால் சுழற்றிவிடுங்கள். திடமான குஞ்சு சுழலை எதிர்த்து நீந்தும். நலிந்தது சுழலோடு போய் நடுவில் குவியும். அப்படிக் குவிந்தால் வாங்க வேண்டாம். முடிந்தவரை பொரிப்பகத்துக்கோ நாற்றங்கால் குளத்துக்கோ நேரில் போங்கள், தாய்மீனைக் காட்டச் சொல்லுங்கள், இனம் எழுதிய ரசீது கேளுங்கள். ஒரு பையையாவது பிரித்துக் குஞ்சுகளை எண்ணுங்கள். எண்ணவிடாதவரிடம் வாங்காதீர்கள்.