பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகும் பந்து

மும்பையில் கால்பந்து ஆடும் பெண்கள் பலர் ஓசையின்றி ஆட்டத்தை விட்டு விலகுவது கல்லூரிச் சேர்க்கையின்போதுதான். அதுவரை பள்ளி அணியோ, தொண்டு நிறுவனமொன்றின் மாலைப் பயிற்சியோ கைகொடுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் 'படிப்பா, பந்தா' என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. கேள்வி அவ்வாறு கேட்கப்படும்போதே விடையும் ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது.

தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் வளர்ந்த தமிழ்ப்பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் வீட்டிலிருந்து நடந்தோ பேருந்திலோ சென்றடையும் தொலைவில் மாட்டுங்காவின் கல்லூரிகள் நிற்கின்றன: 1937இல் தோன்றிய ரூயாவும் குருநானக் கால்சாவும், 1941இல் தோன்றிய போதாரும். சயானில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரி இருக்கிறது. செம்பூரின் விவேகானந்தா கல்லூரிக்குச் செல்வதாயின் சயானில் ரயிலேறிக் குர்லாவில் ஹார்பர் தடத்துக்கு மாறவேண்டும். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாட்டுங்காவின் தென்னிந்தியர்களால் தொடங்கப்பட்டது. அலுவலக வேலைக்கு வந்த மாட்டுங்காத் தமிழரும், நெல்லைச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்த தாராவித் தமிழரும் ஒரே மொழி பேசி, ஒரு ரயில்பாதையின் இருபுறமும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். ஒரே வகுப்பறையில் அவர்தம் பிள்ளைகள் அமர்வதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது.

கல்லூரித் தேர்வு குறித்து மாணவியர்க்குக் கிடைக்கும் அறிவுரைகளுள் கணிசமானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் பெண்கள் விளையாட்டுக்குக் கல்லூரிக்குள்ளேயே இடம் உண்டாக்கியது. பயிற்றுநரே மாணவியைத் தேடி வருகிறார். முதற்பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தருகின்றன. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் அதைத் தருவதில்லை, படிப்பை முன்னிறுத்துகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே ஒருத்தி தன் சமநிலையைத் தேடிக்கொள்ளலாம். மும்பையில் இவ்வரைபடம் பயன்படாது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஆண்டில் சில நாட்களே நடைபெறுகிறது. அதிலிருந்து தேர்வாகும் பல்கலைக்கழக அணி, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் மேற்கு மண்டலப் போட்டிக்குச் செல்கிறது. எஞ்சிய மாதங்களில் ஆட்டம் கழகங்களிடம்தான் இருக்கிறது: மும்பை கால்பந்துச் சங்கத்தின் மகளிர் லீக், கூப்பரேஜ், பாந்திராவின் நெவில் டிசூசா திடல். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்த பம்பாய்க்காரரின் பெயரைத் தாங்கிய திடல் அது. தாராவியிலிருந்து பார்த்தால் மாஹிம் கழிமுகத்துக்கு அப்பால்தான்.

ஆகவே இந்நகரில் கல்லூரி கால்பந்தாட்டக்காரியை உருவாக்குவதில்லை; அவள் தொடர்ந்து ஆடுவதற்கு அனுமதிக்கிறது, அல்லது மறுக்கிறது. அந்த அனுமதி கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியில் தெரியாது, கால அட்டவணையில் தெரியும். மும்பைக் கல்லூரிகள் பலவற்றில் கலை, வணிகவியல் வகுப்புகள் காலை ஏழு மணியளவில் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடுகின்றன. அறிவியல் மாணவிக்கோ செய்முறை வகுப்புகள் மாலைவரை நீளும். இதனால் விளையாடும் பெண்ணை வணிகவியலுக்குத் தள்ளிவிடும் வழக்கம் உருவாகியிருக்கிறது. வேதியியலை விரும்பும் பெண்ணுக்கு அது தீர்வாகாது. அவளுக்குத் தேவை செய்முறை வகுப்பை வேறொரு பிரிவுடன் மாற்றிக்கொள்ள இசையும் ஒரு துறைத்தலைவர்.

75 விழுக்காடு வருகை விதி எல்லோருக்கும் பொது. போட்டிக்குச் சென்ற நாட்களுக்கு உடற்கல்வி இயக்குநர் தரும் கடிதத்தைப் பேராசிரியர்கள் மதிக்கின்றனரா, தவறவிட்ட அகமதிப்பீட்டுத் தேர்வு மறுபடி நடத்தப்படுகிறதா என்பவையே சேர்க்கைக்கு முன் விசாரிக்கவேண்டியவை. ரூயா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வுகளைத் தாமே நடத்துவதால், மனமிருந்தால் இதை எளிதில் செய்யலாம். புதிய கல்விக் கொள்கையின் கீழ் மகாராஷ்டிரத்தின் பட்டப்படிப்பில் பாட இணைச்செயல்களுக்கு 8 மதிப்பலகுகள் உண்டு, விளையாட்டும் அதிலடங்கும். மாதமெல்லாம் ஓடிக் களைத்தவளுக்கும் வாரமொருமுறை யோகாசன வகுப்பில் பெயர் கொடுத்தவளுக்கும் அதே அலகுகள்தாம் என்பது வேறு கதை. இவை குறித்துக் கையேட்டைவிட மூன்றாமாண்டு மாணவியர் தெளிவாகச் சொல்வர். முதலாண்டில் அணியிலிருந்தவர்களுள் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்று கேட்டாலே போதும்.

பட்டம் ஏன் இன்றியமையாதது என்பதற்கு வருமானக் கணக்கு விடை தரும். 2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்திய மகளிர் லீக் அணிகளுக்கு வகுத்த குறைந்தபட்ச ஒப்பந்த ஊதியம் ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய். அதுவும் அணிக்குப் பத்துப் பேருக்கு. முழங்கால் தசைநார்க் கிழிவு பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட இருமடங்குக்கும் மேல் நேர்கிறது. நேர்ந்தால் ஏறத்தாழ ஓராண்டு போய்விடும். கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன், இந்தியாவுக்கும் சேது அணிக்கும் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றுபவர். 2020 ஊரடங்கின்போது அவர் சென்னையில் காவல் பணியில் நின்றார். அப்பதவிக்குப் பட்டம் கட்டாயத் தகுதி. மகாராஷ்டிரத்திலும் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும் என்பதை அரசாணை வரையறுக்கிறது. அதைப் படித்துவிட்டு எந்தத் தொடரில் ஆடுவது என்று முடிவெடுக்கும் மாணவியர் மிகக் குறைவு. எடுத்துச் சொல்லவேண்டிய கல்லூரிகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

எஞ்சுவது தாயின் கேள்வி: பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? இதை மரபுவழி அச்சம் என்று ஒதுக்குவது ஆய்வாளர்க்கு எளிது. ஆனால் செயற்கைப் புல்திடல்களில் மாலை நேரம் பணம் கொடுப்போருக்குச் செல்கிறது. பெண்கள் அணிக்கு விடியலோ பின்னிரவோ மிஞ்சுகிறது. மும்ப்ராவில் பர்சம் அமைப்பின் பெண்கள் கையெழுத்து திரட்டித் தங்களுக்கென மைதானம் கேட்டுப் போராடினார்கள். மாட்டுங்காக் கல்லூரிகளில் எதுவேனும் தன் வளாகத்தில் மாலை நான்கு முதல் ஆறுவரை பெண்களுக்கென்று ஒதுக்கினால், தாராவிப் பெண் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு நடந்து வந்துவிடுவாள்.