கேட்டுச் செய்திருந்தால்...

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்பவர். அம்மா களையெடுக்கப் போகிறவர். நான் முதலாண்டு சேர்ந்த ஆடி மாதம், அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். விலை 9,500 ரூபாய். வீட்டுக்கு வந்த அன்றே அதற்குக் குங்குமம் வைத்தார். அந்தக் கம்ப்யூட்டரை ஒரே மாலையில் நான் ஊமையாக்கிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நண்பர்களே, சிரிப்பதாயிருந்தால் முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் நேராக எழுந்து வந்துவிடுவதில்லை. மதர்போர்டில் எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சிப் இருக்கிறது. அதில் எழுதப்பட்டுள்ள பயாஸ் என்னும் நிரல்தான் முதலில் கண் விழிக்கிறது. மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது விண்டோஸை அழைக்கிறது. கல்லூரிக் கதவைத் திறக்கும் வாட்ச்மேன் வராவிட்டால் முதல்வரும் வெளியேதானே நிற்க வேண்டும்!

ஒரு நாள் என் மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் வந்திருப்பதைக் கண்டேன். என் கம்ப்யூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ‘புதியது’ என்ற சொல் என்னை மயக்கிவிட்டது. வகுப்பில் விவரம் தெரிந்த நண்பர்கள் இருவர் இருந்தார்கள். கேட்கவில்லை. ‘இதுகூடத் தெரியாதா?’ என்று விடுவார்களோ என்ற கூச்சம். வீட்டிலோ கேட்பதற்கு ஆளில்லை.

ஐப்பசி மாத மாலை அது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. திரையில் ஓடிய கோடு 60 விழுக்காட்டைத் தாண்டியபோது மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதுவார்களாம். பாதியில் நின்றால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

“கரண்டு வந்திருச்சே சாமி, பொட்டி ஏன் எரியல?” என்று அம்மா கேட்டார். சீட்டுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருந்தது. “கரண்டு போனதால கெட்டுப்போச்சும்மா” என்றேன். அது பாதி உண்மை.

மறுநாள் மதர்போர்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, பேருந்து நிலையம் அருகே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அண்ணனிடம் போனேன். அவர் முதலில் சிப்பின் மேலிருந்த எண்ணைப் படித்து, அது 3.3 வோல்ட்டில் இயங்குவதா 1.8 வோல்ட்டில் இயங்குவதா என்று பார்த்தார். பிறகு அதன் கால்களில் ஒரு கிளிப்பை மாட்டி, புரோகிராமர் என்னும் சிறு கருவி வழியாகப் பயாஸை முழுவதும் எழுதினார். எழுதியது சரியா என்று ஒப்பிட்டும் பார்த்தார். திரையில் வெளிச்சம் வந்தபோது என் கண்கள் கலங்கிவிட்டன.

“செய்யறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல தம்பி? கேக்கறதுக்குக் காசா பணமா?” என்றவர், 400 ரூபாய் கூலி வாங்கிக்கொண்டு பின்வரும் பாடத்தை இலவசமாகவே சொன்னார்.

முதலில், தேவையா என்று பார். பழைய போர்டில் புதிய பிராசஸர் போடவோ, பாதுகாப்புக் குறையை அடைக்கவோ, இருக்கும் கோளாறு தீரவோ உதவுமானால் மாற்று. இல்லையேல் தொடாதே. புதிய பிராசஸருக்காக என்றால், பழையது போர்டில் இருக்கும்போதே மாற்றிவிடு.

இரண்டாவது, போர்டின் மேல் அச்சிட்டுள்ள மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள். ஒரே பெயர், வேறு ரிவிஷன் என்றால் ஃபைலும் வேறாகலாம். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடு. கூடவே இருக்கும் குறிப்பையும் படி. சில வேளை இடையிலுள்ள ஒரு பதிப்பை முதலில் போடச் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது, மின்சாரம். யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்காதே. லேப்டாப் என்றால் பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும்.

நான்காவது, பழைய செட்டிங்குகளைப் போனில் படம் எடுத்து வை. டிஸ்க்குக்கு பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் ரெகவரி சாவியை எழுதி வைத்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்து. ஃபைலை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸ் மெனுவிலேயே உள்ள வசதி வழியாக ஏற்று.

ஐந்தாவது, தொடங்கிய பின் கையைக் கட்டிக்கொள். இரண்டு முறை தானே அணைந்து எழலாம். திரை சிறிது நேரம் கறுத்தும் இருக்கலாம். பதறி அணைத்துவிடாதே.

கடைசியாக, திரும்பி வர வழி உண்டா என்று முன்பே தெரிந்துகொள். சில போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப் உண்டு. சிலவற்றில் பென்டிரைவைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் மீண்டும் எழுதிக்கொள்ளும்.

1998இல் தைவானில் ஒரு மாணவர் எழுதிய சி.ஐ.ஹெச். வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் பயாஸைக் கெடுத்ததாகப் பின்னர் படித்தேன். அது வேண்டுமென்றே எழுதிய அழிவு. என்னுடையது கூச்சம் செய்த அழிவு.

இந்தத் தை மாதம் நண்பன் ஒருவனின் கம்ப்யூட்டருக்குப் புதிய பிராசஸர் போட வேண்டியிருந்தது. அண்ணனிடம் யு.பி.எஸ். இரவல் வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் செய்தோம். கோடு 100 விழுக்காட்டைத் தொடும் வரை இருவரும் வாய் திறக்கவில்லை. வேலை நல்லபடி முடிந்தது.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நண்பர்களே! நமக்குச் சொல்லித் தர வீட்டில் ஆளில்லை என்பது குறையன்று. சொல்லித் தரக்கூடியவர்கள் சுற்றிலும் இருந்தும் கேளாமல் இருப்பதே குறை.

அம்மா சீட்டைக் கட்டி முடித்துவிட்டார். பழியை இன்றுவரை மின்சாரத்தின் மேலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இந்த ஆண்டு மலர் கைக்கு வந்ததும், இந்தக் கட்டுரையை நானே அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.