கோட்டையும் கள்ளும்

எங்கள் விடுதியில் பரிமாற்ற மாணவியாகத் தங்கியிருந்த ஜெர்மானியத் தோழி, ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் ஊர்ப்பக்கம் ரைன் ஆற்றங்கரையில், பிங்கன் நகருக்கும் கோப்லென்ஸ் நகருக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டருக்கு மலைமுகடெங்கும் பழைய கோட்டைகளாம். காலையில் படகேறிக் கோட்டைகளைப் பார்ப்பார்களாம்; மாலையில் சரிவிலுள்ள தோட்டங்களில் திராட்சை மதுவைச் சுவைத்துவிட்டு வீடு திரும்புவார்களாம். “உங்கள் ஊரில் இப்படி உண்டா?” என்றாள்.

“கோட்டை ஒன்று இருக்கிறது. மதுவுக்குப் பதில் கள் இருக்கிறது” என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பையோடு வந்து நின்றாள்!

கோர்ன்வாலிஸ் கோட்டையை ரைன் நதிக் கோட்டைகளோடு ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும். குட்டைச் சுவர், நாலு பக்கமும் பீரங்கி, பக்கத்தில் கடல். 1786இல் பிரான்சிஸ் லைட் நிபோங் மரக்கழிகளை நட்டு எழுப்பியது. பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் செங்கல் கோட்டையானது. போர் எதையும் பார்க்காத கோட்டை என்றதும் தோழி, “கொடுத்து வைத்த கோட்டை” என்றாள். 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்த ஸ்ரீ ரம்பை பீரங்கியை அவளுக்குக் காட்டினேன். பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பார்கள் என்றதும் குனிந்து உள்ளே பார்த்தாள். பூ இல்லை, ஒரு மினரல் வாட்டர் போத்தல் கிடந்தது. நானோ அந்தச் செங்கற்களைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ முறை வந்த இடம், கட்டிய கைகளைப் பற்றி அன்றுதான் யோசித்தேன்.

பெர்ரியில் பட்டர்வொர்த் போய், மதியச் சாப்பாட்டுக்குப் பாட்டி வீட்டில் இறங்கினோம். அடுத்து எங்கே என்று பாட்டி கேட்டார். மாமா கள்ளுக்கடைக்கு அழைத்துப்போகப் போவதைச் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“சம்பளத்தன்னைக்கு உங்க தாத்தா வீட்டுக்கு வர்ற வழியிலதான் அந்தக் கடை. என் தோடு அங்கதான் போச்சு. இப்ப நீ காசு குடுத்து வேடிக்கை பார்க்கப் போறியா?”

தோழி என் முகத்தைப் பார்த்தாள். மொழிபெயர்த்தேன். அக்காலத் தோட்டங்களில் அரசாங்க உரிமத்தோடு நிர்வாகமே கள்ளுக்கடை நடத்தியதையும், 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒரு கோரிக்கையாக இருந்ததையும், 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதையும் சொன்னேன். குடித்தவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் கூலியைக் கொடுத்த கையே அதைக் கடை வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டதை நினைத்தால் இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது.

“போகாமல் இருந்துவிடலாம்” என்றாள் தோழி. அதற்குள் மாமா கார் சாவியோடு வந்துவிட்டார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். போனோம்.

தென்னந்தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள். கள் இறக்கும் அண்ணன், விரியாத பாளையைக் கட்டி, தட்டி, காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவும் விதத்தை விளக்கினார். பானையில் வடிந்ததும் இனிக்குமாம், சில மணி நேரத்தில் தானாகவே பொங்கிக் காரமேறுமாம், மறுநாள் காடிதான். தோழி கப்பை மூக்கருகே பிடித்து முகர்ந்தாள், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினாள், பிறகு மரத்தின் வயது, மண், மழைக்காலத்தில் ருசி மாறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். “இருபது வருசமா ஏறுறேன் தங்கச்சி, இதெல்லாம் யாரும் கேட்டதில்ல” என்றார் அவர். இன்னொரு மரத்துக் கள்ளையும் கொண்டுவந்து வைத்தார். நானும் ஒரு வாய் குடித்தேன். புளிப்பு. பாட்டியின் தோடு தொண்டையில் நின்றது.

கிளம்பும்போது அண்ணன் ஒரு போத்தல் கள் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கைப்பையில் வைத்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாட்டிக்கு வாசனை போய்விட்டது. போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தார். கழுவுதொட்டியில் கொட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

“நாளைக்கு ஆப்பத்துக்கு ஆகும்” என்று அடுப்படிக்குப் போனார். “அரிசியை ஊறப் போடு.”

அன்றிரவு அங்கேயே தங்கினோம்.