மனைத் தோட்டமும் மலர்த் தொண்டும்

கும்மிடிப்பூண்டிக்கு அணித்தாயதோர் சிற்றூரில் யான் வாழ்ந்து வருகின்றேன். 2018 ஆம் ஆண்டில் தமிழாசிரியப் பணியினின்றும் ஓய்வுற்ற பின்னர், மனையின் புறத்தே மல்லிகை, இருவாட்சி, நந்தியாவட்டம், செவ்வலரி, பவளமல்லிகை என்னும் இவற்றைச் சிவபூசையின் பொருட்டு வைத்து வளர்த்தேன். சூழ எங்கணும் ஆலைகள். பெருஞ்சாலையில் ஊர்திகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. ஆதலின் மாலைதோறும் இலைப் புழுதியை நீர் தெளித்துக் கழுவியே, மறுநாள் வைகறையில் மலர் கொய்தல் வேண்டும். கார்த்திகையிற் கவாத்துச் செய்து எருவிட்ட மல்லிகை, பங்குனி தொடங்கி ஆனியளவும் குறைவின்றிப் பூக்கும்.

நந்தவனம் வைத்தலும் மலர் கொய்தலும் சரியைத் தொண்டாம் என்பதனை அன்பர்கள் அறிவர். கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகை மலரானும் மாலை தொடுத்துத் திருப்புகலூரில் முருக நாயனார் தொண்டு செய்தார். மலர்களின் முறைமையைக் கூறுதற்கென்றே கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்னும் நூலை இயற்றினார். நிலத்து வீழ்ந்த மலரும் மோந்த மலரும் சாத்தலாகா என மடத்திற் பயின்ற காலத்தே யான் கேட்டுள்ளேன். தானே உதிரும் பவளமல்லிகைக்கு மாத்திரம் பெரியோர் விலக்களிப்பர். அதன்கீழ் ஆடை விரித்து ஏற்பது என் வழக்கம்.

சென்ற பங்குனியில் ஒரு நாள், ஐந்தாண்டு நிரம்பிய என் பேத்தி மல்லிகைச் செடியின்பாற் குனிந்து ஓர் மலரை மோந்தாள். யான் வெகுண்டு, மலர் மோந்தமையால் மூக்கறுபட்ட அரசியின் வரலாற்றைக் கூறி அதட்டினேன். மறுநாள் அவள் பூக்குடலையை ஏந்தி வந்தாள். ஒரு கையால் தன் மூக்கை இறுகப் பற்றியிருந்தாள். முகம் சிவந்து கண்களில் நீர் தளும்பிற்று.

அன்று என் பூசையில் மனம் ஒன்றவில்லை. செருத்துணையார் கண்டது திருவாரூர்த் திருக்கோயிலிற் பூமண்டபத்தின் பக்கல் வீழ்ந்த மலர். இறைவனுக்கு உரியதென்று குறிக்கப்பட்டது. செடியில் நின்ற மலரை ஓர் குழவி மோந்தது அதனோடு ஒக்குமா? தனு கரண புவன போகங்களைத் தந்த இறைவனே அம்மலருக்கு மணத்தையும் அக்குழவிக்கு நாசியையும் தந்தான் அல்லனோ? எம் மாவட்டத்து வடதிருமுல்லைவாயிலில், யானையின் காலைத் தடுத்த முல்லைக் கொடியைத் தொண்டைமான் வாளால் வெட்ட, உள்ளிருந்த இலிங்கத் திருமேனியிற் குருதி பெருகிற்றென்பது தலவரலாறு. தன்னை வெட்டினவனுக்கும் பெருமான் அருளினான். அவன் அடியவன் எனப்படும் யான், மணத்தை நுகர்ந்த குழவிக்கு அச்சத்தையே அளித்தேன்.

மறுநாளே ஓர் மல்லிகைப் பதியனை வேறிடத்தில் நட்டு, “அம்மா, இஃது உன் செடி, சுவாமியின் செடி அது” என்றேன். ஆனியில் அது முதன்முறை பூத்தது. “மோந்து பார்க்கலாமா, தாத்தா?” என்றாள். “பார் அம்மா” என்றேன். மூச்சு நிறைய மணத்தை வாங்கிக்கொண்டு சிரித்தாள். பின்னர்த் தானே சுவாமியின் செடிக்குச் சென்று, மூக்கைப் பற்றாமலும் மலரை மோவாமலும் கொய்து குடலையில் இட்டாள்.

விதி வேண்டும், அவ்விதி அன்பின்வழி நிற்றல் வேண்டும். இதனை அறுபது கடந்த யான் அறிந்தது ஓர் குழவியினிடத்து.

திருச்சிற்றம்பலம்.