ஐந்து மைல் சுற்றளவில் ஒரு குடித்தனம்

கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை எனத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே போனால் வாகமண். இடுக்கி மாவட்டத்தின் மேற்கு ஓரம். சுமார் 1,100 மீட்டர் உயரம். பைன் மரக் காட்டையும் புல் மேடுகளையும் பார்க்க வேன்களில் வந்து இறங்கும் கூட்டத்துக்கு, தூர தேசத்துக்காரர்கள் ஒரு காலத்தில் இங்கே வாழ வந்தார்கள் என்பது தெரிய வாய்ப்பில்லை. 1958ல் பெல்ஜியத்தின் பிரான்சிஸ் மாஹியூவும் இங்கிலாந்தின் பீட் கிரிபித்சும் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி கட்டினார்கள், கறவை மாடு வளர்த்தார்கள். கிரிபித்ஸ் 1968ல் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்துக்கு வந்துவிட்ட கதை திருச்சிக்காரர்களுக்குத் தெரியும்.

1963ல் வந்தவர்கள் துறவிகள் அல்லர். பிள்ளை குட்டிகளோடு வந்த சம்சாரிகள். கணவர் லாரி பேக்கர், 1917ல் பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர். மனைவி எலிசபெத், மலையாளி, டாக்டர்.

இரண்டாம் உலகப் போரின்போது க்வேக்கர்களின் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போன பேக்கர், ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தார். அங்கே காந்தியைச் சந்தித்தார். இவர் காலில் இருந்தது பழந்துணியில் செய்த செருப்பு. காந்தியின் கண் முதலில் அதில்தான் விழுந்ததாம். வீடு என்றால் கட்டும் இடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதை பேக்கர் பிற்காலத்தில் அலுக்காமல் சொல்லி வந்தார். போர் முடிந்தது, தொழுநோய் இல்லங்கள் கட்டும் வேலைக்காக மறுபடி இந்தியா வந்தார். பைசாபாத்தில் டாக்டர் சாண்டியின் வீட்டில் ஜாகை. ஆஸ்பத்திரியில் உதவிக்கு வந்த சாண்டியின் தங்கைதான் எலிசபெத். இரு வீட்டிலும் எதிர்ப்பு. 1948ல் கல்யாணம் நடந்தது.

தேனிலவுக்கு இமயமலைப் பக்கம் பித்தோராகட் போனார்கள். டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மலை மக்கள் நோயாளிகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தேனிலவு சுமார் 15 ஆண்டுகள் நீண்டது! எலிசபெத் வைத்தியம் பார்த்தார். பேக்கர் உதவியாளாக நின்றார், மற்ற நேரத்தில் கல் சுமந்து வீடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எழுப்பினார். பர்மிங்காமில் படித்தது அங்கே பயன்படவில்லை. கல், மண், சாணம், மரம் ஆகியவற்றின் இயல்பை உள்ளூர்க் கொத்தனாரிடம்தான் கற்றார். குளிருக்கும் மழைக்கும் அந்தச் சரிவுக்கும் ஏற்ற வீட்டை அவர்கள் பாட்டன் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது அவர் முடிவு.

இந்தப் பாடத்தோடு வாகமண் வந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகள், மலைவாழ் மக்களிடையே அதே வாழ்க்கை. பிறகு 1960களின் இறுதியில் திருவனந்தபுரம். நாலாஞ்சிறையில், தண்ணீர் வசதி இல்லாத ஒரு பாறைச் சரிவை வாங்கினார். பாறையை வெடிக்கவில்லை, வீடு பாறைக்கேற்ப வளைந்து ஏறியது. இடித்த வீடுகளின் பழைய கதவும் ஜன்னலும் அதில் புது வாழ்வு பெற்றன.

செங்கலைக் குத்துவாட்டில் வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி'ச் சுவரில் கால் பங்கு செங்கல் மிச்சம். கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறையும், வெயிலும் இறங்காது. ஜன்னலுக்குப் பதில் ஓட்டைச் சுவர், பூச்சு கிடையாது. இவ்வளவுதான் 'பேக்கர் பாணி'. 1989ல் இந்தியக் குடியுரிமை, மறு ஆண்டு பத்மஸ்ரீ.

வெளியார் வந்து ஐந்து மைலுக்குள் இருப்பதை எடுத்துக்கொள்வதில் இன்னொரு வகையும் உண்டு. அதையும் கேரளம் பார்த்துவிட்டது. பாலக்காட்டு எல்லையில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000ல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் வற்றின, தண்ணீர் கெட்டது என்று 2002ல் மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் முன்னால் நின்றார். 2003ல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

பேக்கரைக் கேரளம் கொண்டாடியது. பின்பற்றியதா என்றால் தயக்கமாக இருக்கிறது. வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகள் சிமெண்டைத்தான் அந்தஸ்தாக நினைத்தன. 'பேக்கர் வீடு' ஏழைக்கு என்று ஏழையே ஒதுங்கினான். வாகமண் பக்கமும் குன்றை வெட்டிச் சமன் செய்து தங்கும் விடுதி கட்டும் பழக்கம் வந்துவிட்டது. 2021 அக்டோபர் 16ல் அதே மலைத் தொடரின் சரிவுகளில், கொக்கையாறிலும் கூட்டிக்கலிலும் ஒரே நாளில் மண் சரிந்து பலர் மாண்டார்கள். மழை அசாதாரணமானதுதான். ஆனாலும் சரிவை எப்படித் தொடுவது என்று பித்தோராகட் கொத்தனாரிடம் ஒரு வெள்ளைக்காரர் கற்ற பாடத்தை நம்மவர்கள் படித்ததாகத் தெரியவில்லை.

பேக்கர் 2007 ஏப்ரல் 1ல் 90 வயதில் காலமானார். கட்டடத்துக்கு வெளியே இருந்த மனிதரை அறிய எலிசபெத் எழுதிய நினைவு நூலைப் படிக்கலாம். கட்டடத்தைப் பார்க்க அலைய வேண்டாம். ரயிலில் போய் இறங்கித் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தாலே இந்தியன் காபி ஹவுஸ், செங்கல் உருளை. உள்ளே மாடிப்படி இல்லை, சுருளாக ஏறும் சரிவுப் பாதை. அதன் ஓரமாகக் கட்டியே வைத்த மேஜைகள். ஓட்டைச் சுவர் வழியே காற்று வரும். பீட்ரூட் போட்ட கட்லெட்டைச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும்.