ஒரு கை பாக்கி
எடின்பரோ கோட்டையைப் பார்க்கப் போய், அதன் மதிலோரம் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினேன் என்றால் கோவில்பட்டியில் சிரிப்பார்கள். கரிசல் வெயிலில், பருத்திக்கு நடுவே வளர்ந்த என் மகனுக்குக் கம்பளி எதற்கு? வேலை கிடைத்து ஸ்காட்லாந்து போன பிறகுதான் தேவைப்பட்டது. நான் ஊர் திரும்ப நான்கே நாள். ஸ்வெட்டரில் ஒரு கை பாக்கி.

“இவ்வளவு தூரம் வந்து இதையா பாக்கிறீங்க?” என்று குறைப்பட்டான். பாவம், லீவு போட்டு அழைத்து வந்தவன்!

பகல் 1 மணிக்குப் பீரங்கி வெடித்தது. 1861-லிருந்து உள்ள வழக்கம், ஞாயிறன்று ஓய்வு. திடுக்கிட்டதில் இரண்டு கண்ணிகள் நழுவிவிட்டன.

“இதுக்கு நம்ம ஊர் மில் சங்கு தேவலை” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “இப்பவும் ஊதுதாம்மா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நூலுருண்டையை வாங்கிக்கொண்டான்.

கோட்டையில் பாதியை நாங்கள் பார்க்கவே இல்லை.