கிணற்றடியில் வந்த ஆகமன காலம்

கொடுப்பதில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் கை சுருக்கியவர்கள் அல்ல. உலையில் அரிசி போடமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பது உடுப்பிட்டியில் அம்மம்மா காலத்துப் பெண்களுக்குக் கைப்பழக்கம். அந்தப் பிடியரிசி சபைக்குப் போகும். அறுப்பின் பண்டிகை வந்தால் வளவின் முதல் வாழைக்குலையும் முதல் பூசணியும் பீடத்தின் முன்னால் அடுக்கப்படும். ஆராதனை முடிய ஏலம் நடக்கும். சந்தையில் சில்லறைக்கு வாங்கக்கூடிய முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை, சபையின் தேவைக்கென்று தெரிந்தே, பல மடங்கு விலை கூறி எடுப்பார்கள். இவை எல்லாம் நல்ல பழக்கங்கள். நான் இவற்றோடு வளர்ந்தவள். இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் நம்மிடம் கேட்பது இதைவிடக் கடினமான ஒன்று என்பதை எங்கள் வீட்டுக் கிணற்றடியில்தான் கண்டேன்.

ஆகமன காலம் எங்கள் சபைக்குப் பிந்தி வந்த வழக்கம். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் நத்தாரையே பண்டிகையாக எண்ணாத மரபிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய மூதாதையர் மசாசுசெட்ஸில் 1659 முதல் 1681 வரை நத்தார் கொண்டாடியவர்களுக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தார்கள். அந்த மாநிலத்தில் டிசம்பர் 25 விடுமுறை நாளானது 1856இல்தான். அதற்கு நான்கு வருடம் முன்னரே, 1852இல், உடுப்பிட்டியில் அமெரிக்க மிஷன் பாடசாலை தொடங்கிவிட்டது. 1868இல் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று வந்தது. பிறகு 1947 செப்டெம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு எங்கள் சபையும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, சபாபதி குலேந்திரன் பேராயராக, யாழ்ப்பாணமும் அதில் ஓர் ஆதீனமாயிற்று. அந்த ஒன்றிப்பின் வழியாகத்தான் ஊதாத் துணியும் ஆகமன ஞாயிறுகளும் எங்கள் பீடத்துக்கு வந்து சேர்ந்தன. அதனால் எங்கள் முதியவர்களில் சிலருக்கு இந்த நான்கு வாரமும் கரோல் பழகும் நாட்களாகவே இருந்தன. மனந்திரும்புதல் என்றால் அவர்களுக்கு நினைவு வருவது திருவிருந்துக்கு முன் நடக்கும் ஆயத்த ஆராதனை.

அங்கும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் பாவ அறிக்கை செய்வோம். நினைவாலும் சொல்லாலும் செயலாலும் என்று சொல்லிக்கொண்டே போவோம். சேர்ந்து சொல்வதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: யாருடைய பாவம் எது என்று அங்கே பெயர் வராது. ஆகமன காலத்தில் வாசிக்கப்படும் யோவான் ஸ்நானகனோ அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. லூக்காவின் மூன்றாம் அதிகாரத்தில் மக்கள் அவரிடம் போய் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் பெட்டியில் கிடக்கும் இரண்டாவது அங்கியைச் சொல்கிறார். வரி வாங்குகிறவனிடம் அவன் கூட்டி வாங்கும் தொகையைச் சொல்கிறார். படைவீரனிடம் அவன் மிரட்டிப் பறிப்பதையும் அவனுடைய சம்பளத்தையும் சொல்கிறார். கேட்டவன் கையில் என்ன இருக்கிறதோ அதைத் தொட்டுக் காட்டுகிற மறுமொழிகள் இவை.

அப்படி ஒரு மறுமொழி எங்கள் வளவைத் தொட்டது 1995இல். அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்க, வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது புத்தகத்தில் ஒரு வரி. கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தின் ஒடுங்கிய வழியால், இலட்சக்கணக்கான சனம் சைக்கிளிலும் கால்நடையாகவும் தென்மராட்சிக்குப் போனது. சாவகச்சேரியில் இடம் கிடைக்காதவர்கள் கொடிகாமம் கடந்து நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் வந்தார்கள். உடுப்பிட்டியில் பாடசாலைகளும் தேவாலயங்களும் நிரம்பி, பிறகு வீட்டு வளவுகளும் நிரம்பின. எங்கள் வளவில் மூன்று குடும்பங்கள் வந்து தங்கின. விறாந்தையில் ஒன்று, மாட்டுக்கொட்டிலைக் கழுவித் துடைத்து அதில் ஒன்று, மாமரத்தின் கீழ் தறப்பாள் கட்டி மற்றது.

நான் அப்போது உயர்தர வகுப்பு. பாடசாலை நடக்கவில்லை, அதனால் அந்த நாட்கள் முழுவதும் வீட்டிலும் கிணற்றடியிலும்தான். பொருளாதாரத் தடைக் காலம் அது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அரும்பொருள். ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்துத் திரி போட்ட விளக்கில்தான் ஊர் இருந்தது. ஆகமன ஞாயிறுக்கு மெழுகுதிரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அம்மம்மா அந்த நாட்களில் கொடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு. வந்த இரவே பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினா. அடுக்குப் பெட்டியில் பூச்சியுருண்டை போட்டு வைத்திருந்த சீலைகளை எடுத்துக் குழந்தை பெற்றவளுக்கு ஏணை கட்டக் கொடுத்தா. பிடியரிசிப் பானையைச் சபைக்கு அனுப்பாமல் வளவிலேயே கவிழ்த்தா. கடவுளுக்குக் கணக்குத் தெரியும் என்று சொன்னா. ஆனால் வந்தவர்களிடம் அவ கேட்ட முதல் கேள்வியும் எனக்கு மறக்கவில்லை.

“எந்த இடம், பிள்ளை?”

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி ஊரை அறிய மட்டும் கேட்கப்படுவதில்லை. ஊர் சொன்னால் குறிச்சி கேட்பார்கள், குறிச்சி சொன்னால் எந்தக் கோயிலடி என்பார்கள். மூன்றாவது மறுமொழியில் சாதி தெரிந்துவிடும். மாமரத்தடிக் குடும்பத்தின் பெண் தன் குறிச்சியைச் சொன்னதும் அம்மம்மாவின் முகம் மாறவில்லை. குரலும் மாறவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் கிணற்றடிக்கு வந்தால், கட்டுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்பாள். அம்மம்மாவோ நானோ துலாவை இழுத்து அள்ளி அவளுடைய குடத்தில் வார்ப்போம். குடிக்க அவளுக்கென்று ஓர் எனாமல் பேணி வேலிக் கதியாலில் தொங்கியது. மற்ற இரண்டு குடும்பமும் தாங்களே அள்ளினார்கள். எங்கள் மூக்குப்பேணியில் தேத்தண்ணி குடித்தார்கள்.

சாதி பேசக்கூடாது என்று அப்போது ஊரை ஆண்டவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கும் முன்னால், 1957இல், தீண்டாமைக்கு எதிராகச் சட்டமே வந்திருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் அறிவார்கள். வாய்கள் அடங்கிவிட்டன. வீட்டு வளவுக்குள் இருக்கும் கிணற்றின் கயிறு யார் கையில் என்பதை ஒருவரும் வந்து பார்க்கவில்லை. நான் வார்த்த தண்ணீருக்கு அவள் நன்றி சொன்னபோதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு இனிப்பு இருந்தது. உதவி செய்கிறேன் என்ற இனிப்பு. அதைப் பாவம் என்று அந்த வயதில் எனக்குச் சொல்லத் தெரியாது. இன்று தெரிகிறது: அவளுடைய தாகம் என் கையை எதிர்பார்த்து நிற்கவேண்டியிருந்தது, அந்த நிலையில் நான் சுகம் கண்டேன்.

டிசம்பர் 3 முதலாம் ஆகமன ஞாயிறு. இரண்டு நாளில் யாழ்ப்பாண நகரில் அரசாங்கத்தின் கொடி ஏறியது என்ற செய்தி வந்தது. வளவு முழுவதும் செத்தவீடு போல் இருந்தது. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் இடம்பெயர்ந்தவர்களின் பாய்களைச் சுருட்டி ஒதுக்கிவிட்டுத்தான் ஆராதனை நடந்தது. போதகர் லூக்காவின் அதே அதிகாரத்தை எடுத்தார். நீண்ட பிரசங்கம் இல்லை. உங்களில் பலர் இரண்டாவது அங்கியைக் கொடுத்துவிட்டீர்கள், அதை நான் பார்த்தேன் என்றார். பிறகு சொன்னார்: கொடுத்ததை விடுங்கள், கொடுக்காமல் வைத்திருப்பது எது என்று வீட்டுக்குப் போய்த் தேடுங்கள்.

அம்மம்மா வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை. தலையிடி என்றா. அடுத்தநாள் விடிய அந்தப் பெண் குடத்தோடு வந்து வழக்கமான இடத்தில் நின்றாள். அம்மம்மா துலாக்கயிற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதை அவளை நோக்கி நீட்டினா.

“இந்தா பிள்ளை, நீயே அள்ளு.”

“வேண்டாமம்மா, நீங்களே வாருங்கோ.”

“எனக்குக் கை ஏலாது. பிடி.”

கை ஏலாது என்றது பொய். அம்மம்மா தொண்ணூறு வயதிலும் தண்ணீர் அள்ளியவ. ஆனால் அந்தப் பெண்ணை வற்புறுத்தாமல், அவளுக்குக் கூச்சம் வராமல் கயிற்றை மாற்றிக் கொடுக்க அவவுக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவள் கட்டில் ஏறி அள்ளினாள். முதல் வாளி பாதியும் தளும்பிக் கிணற்றுக்குள்ளேயே போனது.

பலன் உடனே தெரிந்தது. பக்கத்து வளவிலிருந்து வேலிப் பொட்டு வழியாக எங்கள் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்த ஒரு வீட்டார் வரவை நிறுத்தினார்கள். பொட்டை மட்டை வைத்து அடைத்தும் விட்டார்கள். விறாந்தையில் இருந்த குடும்பத்தின் கிழவி, இனிக் குடிக்கத் தண்ணீர் வேறு இடத்தில் எடுக்கவேண்டும் போலிருக்கிறது என்று என் காது கேட்கச் சொன்னா. அம்மம்மா ஒருவருக்கும் மறுமொழி சொல்லவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. பல வருடம் கழித்து, படுக்கையில் இருந்தபோது, நான் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். “அரிசி குடுக்கேக்கை ஒருநாளும் எனக்குக் கை நடுங்கேல்லை. கயிறு குடுக்கேக்கை நடுங்கினது,” என்றா.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. எனாமல் பேணி கதியாலிலேயே தொங்கியது. நத்தார் அன்று அந்தப் பெண் ஒடியல் பிட்டு அவித்து, துணியால் மூடி, எங்களுக்கென்று ஒரு தட்டில் கொண்டுவந்தாள். இடம்பெயர்ந்து வந்த இடத்தில், கடனாக வாங்கிய மாவில், சைவக்காரியான அவள் எங்கள் பெருநாளுக்காகச் செய்தது அது. அம்மம்மா இரண்டு கையாலும் வாங்கினா. மனமார வாழ்த்தினா. பிறகு குசினித் தட்டில் வைத்துவிட்டு, பல் ஏலாது என்றா. தம்பியும் நானும் சாப்பிட்டோம். அம்மம்மா அன்று இரவுவரை அந்தப் பக்கம் போகவில்லை.

1996 ஏப்ரலில் சனம் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கியபோது அவர்களும் போனார்கள். பிறகு சந்திக்கவில்லை.

அந்தப் பிட்டைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கயிற்றைக் கொடுப்பது அம்மம்மாவின் மனந்திரும்புதல்; அதை நான் சிறிதாக எண்ணவில்லை. எழுபது வருடப் பழக்கத்தை ஒரு விடியலில் முறித்த பெண் அவ. ஆனால் அவவால் அவளிடமிருந்து வாங்கிச் சாப்பிட முடியவில்லை. கொடுக்கிறவர்களாகவே இருந்து பழகிய எங்களுக்கு இந்த இரண்டாவது பாதி தெரியவே இல்லை. சபை என்றால் ஒரே அப்பத்தில் பங்கு என்று மாதந்தோறும் முழங்காலில் நின்று சொல்லிவந்த வீடு எங்களுடையது. அந்த அப்பத்தை யார் பிசைந்தாலும் உண்பேன் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது. அம்மம்மா விட்ட இடத்திலிருந்துதான் நான் தொடங்கவேண்டியிருந்தது.

இப்போது நான் வேறொரு ஊரில் ஆசிரியை. அங்குள்ள சபையின் பெயரை எழுதவேண்டிய அவசியம் இல்லை. பல சபைகளில் நடப்பதுதான் அங்கும். டிசம்பர் வந்தால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வருகிறது. அரிசி, சீனி, பருப்பு, பால்மா எல்லாம் பொதி செய்து, சபையின் ஓரத்துக் குடியிருப்பில் இருப்பவர்களை வரிசையில் நிறுத்திக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்புகிறோம். காசு அனுப்புகிறவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. வரிசையில் நிற்கும் பெண்களின் முகங்களைப் பார்க்கும்போது, கட்டுக்கு வெளியே குடத்தோடு நின்றவளின் முகம் வருகிறது. நாங்கள் இன்னும் வார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் ஆகமன காலத்தில் எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். பொதியோடு போவதில்லை. யாருடைய வீட்டில் எங்கள் சபைக் குடும்பங்கள் ஒருபோதும் கை நனைத்ததில்லையோ, அங்கே போய் இருந்து, அவர்கள் தருவதைச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். முதல் தடவை அவர்கள் கடையில் சோடா வாங்கி வந்து வைத்தார்கள். மூடியிருக்கும் போத்தல் என்றால் நான் குடிப்பேன் என்று நினைத்தார்கள். அந்தப் போத்தலைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. உங்கள் வீட்டுச் சோறு இருந்தால் தாருங்கள் என்று கேட்டேன். கேட்டு வாங்கிச் சாப்பிடுவது, கொடுத்துவிட்டு வருவதைவிட என்னை அதிகம் மாற்றியிருக்கிறது. பாவ அறிக்கையைச் சொல்லும்போது இப்போது எனக்குக் குறிப்பான ஒரு வாசல் நினைவில் இருக்கிறது, அந்த வாசலில் நான் தயங்கி நின்ற கணமும் இருக்கிறது. தயக்கம் முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

இந்த முறை நத்தார் விருந்தைக் கடையில் எடுப்பிக்காமல் சபையிலேயே சமைப்பது என்று குழுவில் தீர்மானமாயிற்று. அந்தக் குடியிருப்பிலிருந்து இரண்டு பெண்கள் குழுவுக்குள் வந்திருக்கிறார்கள்; அடுப்பை அவர்களே பொறுப்பெடுக்கிறார்கள். என்ன கறி, எத்தனை கொத்து அரிசி என்பதை எல்லாம் அவர்கள் சொல்ல நாங்கள் எழுதினோம். அன்று வர வசதிப்படாது என்று இரண்டு வீட்டார் ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். போதகர் அந்த இரண்டு வீட்டுக்கும் இந்தக் கிழமை போகிறார். நானும் கூடப் போகிறேன். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை. நான் யாருடைய பேத்தி, எங்கள் வளவில் என்ன நடந்தது, குசினித் தட்டில் அந்தப் பிட்டு எப்படி இருந்தது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லப்போகிறேன்.